கோடு போட்டவரிடம் பொய் சொல்லாதீர்கள்

தை பிறந்ததும் கடைக்கால் போடலாம் என்று நாள் குறித்து வைத்திருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பழைய வீட்டின் சமையலறைச் சுவரை எடுத்துவிட்டுக் கூடத்தோடு சேர்த்துவிடலாம் என்று நேற்று இராச்சாப்பாட்டின்போது முடிவு செய்தவர்களே, உங்களுக்கும்தான். கடப்பாரை விழுவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். விழுந்தபின் நான் சொல்லும் எதுவும் உங்களுக்கு உதவாது.

முப்பது ஆண்டுகளாக மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடுகளுக்கு வரைபடமும் கம்பிக் கணக்கும் போட்டுக் கொடுத்து வருகிறேன். இளகிய மண் என்றால் இன்னும் ஆழம் போகலாம். தூசி கலந்த எம்-சாண்ட் வந்தால் லாரியோடு திருப்பி அனுப்பலாம். வேலை தெரியாத கொத்தனாருக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்கலாம். வீட்டுக்காரர் என்னிடம் மறைத்த சேதிக்கு மட்டும் என்னிடம் மருந்து கிடையாது. நான் பார்த்த பெரும்பாலான விரிசல்களின் வேர் அங்கேதான் இருந்தது.

ஒரு வீட்டைச் சொல்கிறேன். 1980-களில் கட்டியது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், மேலே கான்கிரீட் தளம், அதன்மேல் பின்னாளில் எழுப்பிய மாடி. கீழே கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த சுவரை எடுத்துவிட வேண்டும் என்றார் வீட்டுக்காரர். "பில்லர் பில்டிங்தானே?" என்று கேட்டேன். "ஆமா சார், பில்லர்தான்" என்றார். தெரியாமல் சொன்னதில்லை. அவர் அப்பா கட்டிய வீடு. ஒவ்வொரு வரிச் செங்கலும் அவர் கண்முன்னே ஏறியது. சுவர் தாங்கும் வீடு என்று ஒப்புக்கொண்டால் அந்த இடத்துக்கு இரும்பு உத்திரம் கேட்பேன், செலவு ஏறும், வேலை ஒரு மாதம் தள்ளும் என்று நினைத்துவிட்டார். நானாவது இரண்டு மூலையில் பூச்சைக் கொத்திப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்தக் குற்றம் என்னுடையது, இன்றைக்கும் அதைச் சுமக்கிறேன்.

சுவரை இடித்த அன்று மாலை, மாடியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அவர் மகள் கீழே இறங்கி வந்து, தரையில் ஒரு கோடு விழுந்திருக்கிறது என்று சொன்னாள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தக் கோட்டில் பத்து ரூபாய்க் காசு நிற்கும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. இரவோடு இரவாகச் சவுக்கு மரங்களை இறக்கி முட்டுக் கொடுத்தோம். உயிர்ச்சேதம் இல்லை. அந்தப் பெண் அன்று புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் என்னால் அந்தத் தெருவைக் கடக்க முடிவதில்லை.

தூண் தாங்கும் வீட்டில் சுவர் என்பது திரை மாதிரி. எடுக்கலாம், நகர்த்தலாம். சுவர் தாங்கும் வீட்டில் ஒவ்வொரு சுவரும் ஒருவர் தோள். நம் ஊர்களில் 1990-களுக்கு முன் எழுந்த வீடுகளில் பெரும்பங்கு இரண்டாவது வகை. அதற்கும் முந்திய வீடுகளில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மச்சு இருக்கும்; அங்கே ஒரு கட்டையின் நுனி சுவரில் எவ்வளவு தூரம் உட்கார்ந்திருக்கிறது என்பதிலேயே எல்லாம் அடங்கியிருக்கிறது. பழைய வீட்டில் கை வைக்கிறவர்கள் தாத்தா காலத்துச் சேதி வரை வடிவமைப்பாளரிடம் சொல்லுங்கள். எந்த ஆண்டு எந்தப் பக்கம் கூட்டிக் கட்டினார்கள், எந்தச் சுவர் மழைக்கு ஊறும், எந்த இடத்தில் முன்பே விரிசல் விட்டுப் பூசி மறைத்தார்கள் என்று. பூசி மறைத்ததை முதலில் சொல்லுங்கள்.

அடுத்த பொய் மாடியைப் பற்றியது. "இப்போதைக்குக் கீழ்வீடு மட்டும் போதும் சார்" என்பார்கள். மனத்துக்குள் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கொரு மாடி என்ற கணக்கு ஓடும். சொன்னால் அடித்தளம் பெரிதாகும், கம்பி கூடும் என்ற பயம். ஐந்தாறு வருடம் கழித்து, அந்த வரைபடத்தைப் பார்க்காத வேறொரு மேஸ்திரியை வைத்து மாடி ஏற்றுவார்கள். மண்ணுக்குள் புதைந்த ஃபூட்டிங்கை அப்போது யாராலும் பெரிதாக்க முடியாது. முடியும் என்றாலும் அது புது வீட்டின் விலையை விழுங்கும். மாடி வரும் என்ற எண்ணம் ஒரு கடுகளவு இருந்தாலும் இன்றே சொல்லிவிடுங்கள். அடித்தளத்துக்கு இப்போது கூடுகிற செலவை ஒரு கல்யாண மண்டபத்தில் ஒரே இரவில் செலவழிக்கிறோம்.

தென் கொரியாவின் சியோல் நகரில் சாம்பூங் என்ற பெருங்கடை 1995 ஜூன் 29 அன்று இடிந்தது. 502 பேர் மாண்டார்கள். நான்கு மாடியாகத் திட்டமிட்ட கட்டடம் அது. நடுவழியில் அதன் பயன்பாட்டை மாற்றினார்கள், நகரும் படிக்கட்டுக்கு இடம் வேண்டும் என்று தூண்களை நீக்கினார்கள், மேலே ஐந்தாவது மாடியும் ஏற்றினார்கள். இந்த மாற்றங்களுக்கு உடன்பட மறுத்த கட்டுமான நிறுவனத்தை உரிமையாளர் விலக்கிவிட்டு, வேறு ஆட்களைக் கொண்டு வேலையை முடித்துக்கொண்டார். இடிந்த நாளன்று காலையிலேயே மேல்தளத்தில் விரிசல் பெரிதாகத் தெரிந்தது. வியாபாரம் கெடுமே என்று கடையை மூடவில்லை. உரிமையாளர் பின்னர் சிறை சென்றார். உங்கள் வீடு அத்தனை பெரிதில்லை என்பது உண்மை. ஆனால் "அந்த இன்ஜினியர் ஒத்துக்க மாட்டார், வேற ஆளைப் பார்ப்போம்" என்று நம் வீடுகளில் சொல்லப்படும் வாக்கியம் சியோலில் சொல்லப்பட்ட அதே வாக்கியம். ஒருவர் "கூடாது" என்று சொல்லும்போது அவரை மாற்றிவிட்டு "ஆகட்டும்" என்பவரைத் தேடாதீர்கள். ஏன் கூடாது என்று கேளுங்கள். இரண்டாவது ஆளிடம் கருத்துக் கேட்க வேண்டுமானால் கேளுங்கள். முதல் ஆள் சொன்ன காரணத்தையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிக் கேளுங்கள்.

பணத்தை மறைப்பதற்குக் காரணம் எனக்குப் புரிகிறது. முப்பது இலட்சம் இருக்கிறது என்று சொன்னால் முப்பத்தைந்துக்கு இழுத்துவிடுவார்கள் என்று பயந்து இருபது என்கிறீர்கள். அப்படி இழுத்தவர்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். உங்கள் பயத்துக்கு நாங்களும் காரணம். இன்னும் சிலர் நேர்மாறாகக் கையில் இருபதை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரருக்குக் குறையக் கூடாது என்று நாற்பதுக்கு வரையச் சொல்கிறார்கள். ஊருக்கு வெளியே பைபாஸ் சாலையோரம் பாருங்கள்: லிண்டல் வரை எழும்பி, கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருப்பிடித்து நிற்கும் வீடுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அடகுக் கடைக்குப் போன தாலிக்கொடி ஒன்று இருக்கிறது. வங்கிக் கடன் எவ்வளவு, சீட்டுப் பணம் எப்போது வரும், ஊர் நிலம் விற்றால் என்ன தேறும் என்று முழுக் கணக்கையும் விரித்து வையுங்கள். பத்தில் ஒரு பங்கை எதற்கும் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு மீதிக்கு வரையச் சொல்லுங்கள். சிறிய வீட்டை முழுதாகக் கட்டி உள்ளே போய் உட்காருங்கள். அது எந்த விதத்திலும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இனி நான் சொல்லப்போவதைப் பொய் என்று யாரும் எண்ணுவதில்லை. எனக்கு அது எல்லாப் பொய்யையும் விடப் பெரிதாகப் படுகிறது. வரைபடம் பேச வருகிறவர்கள் எப்போதும் ஆண்கள். வீட்டுக்காரர், அவர் தம்பி, மைத்துனர், வாஸ்து பார்க்கிறவர். அடுப்பு தென்கிழக்கில் இருக்கிறதா என்று நால்வரும் அளந்து பார்ப்பார்கள். அந்த அடுப்பின் முன் அடுத்த முப்பது வருடம் நிற்கப்போகிற பெண் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார். அவர் உயரம் என்ன, மேடை அவர் இடுப்புக்குச் சரியாக வருமா, கிரைண்டர் எங்கே, காஸ் சிலிண்டரை யார் நகர்த்துவது, துணி உலர்த்த எந்தப் படியில் எத்தனை முறை ஏற வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. நான் கேட்டால் "அவளுக்கு என்ன தெரியும், நீங்க போடுங்க சார்" என்பார்கள். அவருக்குத்தான் தெரியும். அவரை உட்கார வைத்துப் பேசவிடுங்கள்.

அப்படியே வீட்டிலுள்ள பெரியவர்களையும் கேளுங்கள். இராத்திரி மூன்று முறை எழுந்து போகிற அப்பாவுக்குக் கழிவறை எத்தனை அடி தூரம்? வழியில் படி இருக்கிறதா? கதவு இரண்டரை அடிதான் என்றால் நாளைக்கு ஒரு சக்கர நாற்காலி எப்படி உள்ளே போகும்? அழகுக்காகக் கூடத்தை அரையடி தாழ்த்திக் கட்டிய வீட்டில் எழுபது வயது அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த அரையடியை வரைந்தபோது அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

இப்போது இரண்டு வரைபடக் கதைக்கு வருகிறேன். ஒன்று அப்ரூவல் ப்ளான், மற்றது கட்டுற ப்ளான். முதலாவதில் நாலு பக்கமும் காலி இடம், கார் நிறுத்த இடம், மழைநீர்த் தொட்டி எல்லாம் ஒழுங்காக இருக்கும். இரண்டாவதில் சுவர் எல்லைக்கல்லில் போய் முட்டும், கார் நிற்கும் இடத்தில் கடை வரும், மழைநீர்க் குழாய் இரண்டடியோடு நின்று உள்ளே செங்கல் அடைத்திருக்கும். இது ஊரறிந்த வழக்கம் என்பதால் இதைச் செய்கிறவர்களுக்குக் கூச்சமே போய்விட்டது. 2024 ஜூலையில் தமிழ்நாடு அரசு, 2500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3500 சதுர அடி வரை, ஒரு மாடி வரை கட்டுகிறவர்களுக்குச் சுயசான்றின் பேரிலேயே இணையத்தில் அனுமதி கொடுக்கத் தொடங்கியது. அலுவலகத்துக்கு அலைய வேண்டாம், யார் கையையும் பார்க்க வேண்டாம். உங்கள் சொல்லை நம்பி அனுமதி. இத்தனை நாள் "அவங்க லஞ்சம் கேக்குறாங்க, அதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது. அந்தச் சான்றில் நீங்கள் பொய் எழுதினால் அது உங்கள் பொய் மட்டுமே.

பக்கத்து வீட்டுக்குக் காற்று வர விட வேண்டிய மூன்றடியை விழுங்காதீர்கள். உங்கள் சன்ஷேடின் மழை அவர்கள் சுவரில் கொட்ட வேண்டாம். 2003-இல் மழைநீர்ச் சேகரிப்பு எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயம் ஆனது. அபராதத்துக்குப் பயந்து ஒப்புக்குக் குழாய் வைக்காமல், தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிற மாதிரி குழி தோண்டி ஜல்லியும் மணலும் போடுங்கள். உங்கள் போர்வெல் குடிக்கப்போவது அந்தத் தண்ணீரைத்தான்.

வரைபடம் கையெழுத்தாகி வேலை தொடங்கியபின் தளத்தில் நடப்பது தனிக் கதை. மாற்றம் வேண்டும் என்று தோன்றுவது குற்றமில்லை. சுவர் எழும்பிப் பார்த்தபின்தான் சன்னல் சின்னது என்று தெரியும், தெரிந்தால் சொல்லுங்கள். யாரிடம் சொல்கிறீர்கள் என்பதில்தான் நன்மையும் கேடும் இருக்கிறது. மேஸ்திரியின் காதில் சொல்லிவிட்டு, கோடு போட்டவருக்குத் தெரியாமல் செய்து முடிக்காதீர்கள். பால்கனியை இரண்டடி கூட்டச் சொல்வது வீட்டுக்காரருக்கு அற்பமான விஷயமாகத் தெரிகிறது. ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள பலகை அது. பாரம் விழும்போது அதன் மேற்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நெரிபடும். கான்கிரீட் நெரிபடுவதைத் தாங்கும், இழுபடுவதைத் தாங்காது. அதனால் பால்கனியில் முக்கியக் கம்பி மேற்பக்கம் இருக்க வேண்டும், வீட்டுத் தளத்துக்குள்ளும் நீண்டு போய்ப் பிடித்திருக்க வேண்டும். அறைத் தளத்தின் நடுவில் கம்பி கீழ்ப்பக்கம் கிடப்பதைப் பார்த்துப் பழகிய கண், பால்கனியிலும் அப்படியே போட்டுவிடுகிறது. சரியாகப் போட்டிருந்தாலும், தளம் ஓட்டுகிற அன்று சட்டியோடு நடக்கிறவர்கள் மிதித்து மிதித்துக் கம்பி கீழே இறங்கிவிடுகிறது. வெளியே எந்த அடையாளமும் தெரியாது. பூசி வெள்ளையடித்தபின் நல்ல பால்கனியும் கெட்ட பால்கனியும் ஒன்றுபோலவே இருக்கும். முட்டு எடுக்கும்போதோ, பத்து வருடம் கழித்துச் சாமி ஊர்வலம் பார்க்கப் பன்னிரண்டு பேர் வந்து நிற்கும்போதோதான் தெரியும்.

ஆகவே கம்பி கட்டி முடித்து, கலவை இயந்திரம் வருவதற்கு முன் உங்கள் வடிவமைப்பாளரைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்துச் சரி என்ற பிறகே ஒரு சட்டி கான்கிரீட் விழ வேண்டும். அவர் மறுநாள்தான் வர முடியும் என்றால் மறுநாள் போடுங்கள். ஆட்களின் ஒரு நாள் கூலி நஷ்டம் என்று மேஸ்திரி முகம் சுளித்தால், அந்தக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.

பதற்றம் இன்னொரு கேடு. கிரகப்பிரவேச நாளை முதலில் குறித்துவிட்டு வேலையை அதற்குள் அடைக்கப் பார்க்கிறோம். கான்கிரீட் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது, நாலரை மீட்டர் அகலம் வரையுள்ள தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும். அதற்கு மேல் போனால் 14 நாள். ஆறு மீட்டர் வரையுள்ள உத்திரத்துக்கு 14, அதற்கு மேல் 21. இது சாதாரண போர்ட்லாண்டு சிமெண்டுக்கு. இன்று வீடுகளுக்கு அதிகம் வருகிற பி.பி.சி. வகை மெதுவாகவே வலுப்பெறும் என்பதால் இன்னும் சில நாள் பொறுக்க வேண்டும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது குறைந்தது 10 நாள், நம் வெயிலுக்கு 14. சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை ஏறுகிறது என்று நாலாம் நாளே முட்டைத் தட்டச் சொன்ன வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். அந்தத் தளத்தின் வயிறு இன்றும் தொங்கி நிற்கிறது.

அந்த முட்டுக்கடியில் நிற்பவர் நீங்கள் இல்லை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்தபோது இறந்த 61 பேரில் பெரும்பாலோர் அங்கே கூலி வேலை செய்தவர்கள். பிழைப்புக்காக ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் உண்டு. ஒரு நாளும் அதில் குடியேறப் போகாதவர்கள். உங்கள் வீட்டில் மணல் சலிக்கும் சித்தாளையும், சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனாரையும் நினைத்தாவது அவசரப்படாதீர்கள்.

என் தொழிலில் இருக்கிறவர்களிடமும் ஒரு வார்த்தை. கையெழுத்தை விற்காதீர்கள். மனையை மிதிக்காமல், மண்ணைப் பார்க்காமல், யாரோ கணினியில் இழுத்த கோட்டுக்குக் கீழே முத்திரை குத்திக் கொடுக்கிறவர்கள் இன்று தெருவுக்கு ஒருவர். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே ஆர்க்கிடெக்ட் என்று பெயர் போட்டுக்கொள்ளலாம்; அந்தப் பலகையைத் தகுதியில்லாமல் தொங்கவிட்டிருப்பவர்கள் இன்றே கழற்றுங்கள். டைல்ஸ் கடையிலும் கம்பிக் கடையிலும் கமிஷன் வாங்கிக்கொண்டு ஒரு குடும்பத்தின் சேமிப்பை அந்தக் கடைக்கு அனுப்பாதீர்கள். வீட்டுக்காரர் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நான் இவ்வளவு மன்றாடுகிறேனே, அவர் சொல்கிற உண்மையைக் காசாக்குகிறவர் எதிரே உட்கார்ந்திருந்தால் எந்த முகத்தோடு அதைக் கேட்பேன்?

வீடு கட்டுகிறவர்களே, நீங்களும் அவருடைய உழைப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுங்கள். மூன்று பேரிடம் இலவசமாக ப்ளான் வாங்கி, ஒருவர் கூடத்தையும் ஒருவர் படிக்கட்டையும் வெட்டி ஒட்டி நான்காவது ஆளிடம் கொடுப்பது திருட்டு. பதிவெண் கேளுங்கள், அவர் முன்பு கட்டிய வீட்டைப் போய்ப் பாருங்கள், அங்கே குடியிருப்பவரிடம் விசாரியுங்கள், கட்டணத்தையும் எத்தனை முறை தளத்துக்கு வருவார் என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அதன்பின் நம்புங்கள்.

போன மாசியில் ஒரு மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்திருந்தோம். மறுநாள் காலை வானம் தோண்டுவதாக ஏற்பாடு. இராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு அம்மா போனில் வந்தார். வீட்டுக்காரரின் தாயார். "தம்பி, அவன் உங்கட்டச் சொல்லியிருக்க மாட்டான். அந்த மூலையில ஒரு கெணறு இருந்துச்சு. மூடி நாப்பது வருசம் ஆச்சு. அந்த மூலையில கெணறு ஆகாதுன்னு யாரோ சொல்லிட்டாங்க, வெளிய சொல்லக் கூடாதுன்னு வச்சிருக்கான். எனக்குத் தூக்கம் வரல" என்றார்.

காலையில் ஆட்களை நிறுத்தி வைத்தேன். அம்மா வந்தார். செருப்பைக் கழற்றி வேலியோரம் விட்டுவிட்டு, மனைக்குள் மெதுவாக நடந்து, வடமேற்குத் தூணுக்கு நாங்கள் குறி வைத்திருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றார். "இங்கனதான். நான் தண்ணி எறைச்ச கெணறு எனக்குத் தெரியாதா?" மகன் தலையைக் குனிந்துகொண்டார். மேஸ்திரி கடப்பாரையை இறக்கினார். மேலே இறுகிய மண். அதற்குக் கீழே ஓட்டுத் துண்டும் சாம்பலும் கலந்த பொதபொத மண். நாலடியில் கிணற்றின் சுற்றுக்கல் தட்டுப்பட்டது. அந்தக் கோட்டைக் காலாலேயே அழித்துவிட்டு, அம்மா காட்டிய இடத்திலிருந்து அளவு நாடாவைப் பிடித்துப் புதிதாகக் கோடு போடத் தொடங்கினோம்.